"லாங் லீவுல இருக்கேன்" என்று எத்தனை நாள் சொல்வது?

சோழவந்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி ஏழு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது 33. அப்பா கொடிக்கால் விவசாயி. பிளஸ் டூ முடித்த கையோடு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார். லைசென்ஸ், குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் எல்லாம் சேர்த்து 60 லட்ச ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கிறது. பாதி தென்னந்தோப்பை விற்ற பணம், மீதி வீட்டை அடமானம் வைத்து வாங்கிய வங்கிக் கடன். வேலை கிடைத்தபோது ஊர் முகப்பில், யூனிஃபார்மில் அவர் நிற்கும் படத்தோடு "எங்க ஊரு பைலட்" என்று ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். டெல்லியில் தங்கி ஆறு ஆண்டு ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாக, ஏர்பஸ் 320 ஓட்டியிருக்கிறார், 3,400 மணி நேரம். அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரே மகன். அக்காவைச் சிவகாசியில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இரவு விமானங்களால் இவருக்கும் தூக்கம் கெட்டுப் போயிருந்த சமயம் அது. ராஜினாமா எழுதிக் கொடுத்து, ஆறு மாத நோட்டீஸையும் முழுதாக முடித்துவிட்டு ஊருக்கு வந்தார்.

வந்து 14 மாதம் ஆகிறது. 63 இடங்களுக்கு விண்ணப்பித்ததில் மூன்று இடத்தில்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். "இவ்வளவு சம்பளம் வாங்கிட்டு எங்க 30 ஆயிரத்துக்கு எப்படி இருப்பீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "டிகிரி இல்லையே" என்று முடித்துக்கொண்டார் இன்னொருவர். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மட்டும் அரை மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டு, "நாளைக்கே ஏர்லைன்ஸ்ல கூப்பிட்டா போயிருவீங்களா?" என்று கேட்டார்கள். இவர் "பார்க்கலாம் சார்" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை. ஊரில் கேட்பவர்களிடமெல்லாம் "லாங் லீவுல இருக்கேன்" என்கிறார். போன வைகாசியில் ஜெனகை மாரியம்மன் கோவில் திருவிழா நடந்தபோது அந்தக் கேள்விக்குப் பயந்தே வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. "விமானம் ஓட்டுவதைத் தவிர எனக்கு எதுவுமே தெரியாது அக்கா. லைசென்ஸும் வீணாகிவிட்டது. நான் என்ன செய்வது?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

தம்பி, அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், நானும் அந்த உரிமையோடே பேசுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை ஒன்று கண்ணில் பட்டது. ஏழு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட விமானம் ஓட்டுவதைப் பற்றி எழுதவில்லை நீங்கள். மேகம் இல்லை, ரன்வே இல்லை, விடியற்காலையில் மேலேயிருந்து பார்த்த ஊர் இல்லை. ஃப்ளெக்ஸ் மட்டும் நான்கு தடவை வருகிறது. பறக்க முடியவில்லையே என்ற ஏக்கத்தைவிட, பைலட் என்று கூப்பிட ஆளில்லையே என்ற வலிதான் பெரிதாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. என் கணிப்பு தவறாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அது சரியாக இருந்தாலும் வெட்கப்பட எதுவுமில்லை. பதினெட்டு வயதிலிருந்து சுமந்த பெயர், தோப்பை விற்று வாங்கிய பெயர். அது போனால் ஒரு சாவு விழுந்த மாதிரிதான் இருக்கும். நீங்கள் அழவில்லை, லீவு என்று சொல்லி அதை மூடி வைத்திருக்கிறீர்கள்.

முதலில் அந்த லீவை முடியுங்கள்

ஊருக்குச் சொல்லும் பொய்யால் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அது உங்கள் பயோடேட்டாவுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது. நீங்கள் அனுப்பியிருந்த பிரதியின் முதல் வரியே "தற்சமயம் பறப்பதிலிருந்து இடைவெளியில் உள்ள ஏர்பஸ் விமானி" என்றுதான் இருக்கிறது. வேலை கொடுப்பவர் இடத்தில் உட்கார்ந்து அதைப் படித்துப் பாருங்கள். இவர் இங்கே தங்க வரவில்லை, மழைக்கு ஒதுங்க வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார். அந்த மருத்துவமனையில் நீங்கள் சொன்ன "பார்க்கலாம் சார்" அதை உறுதிப்படுத்திவிட்டது. மூன்று இடத்தில் இதுதான் உங்களுக்கு உண்மையாகவே நெருங்கி வந்த வேலை. அது டிகிரியால் போகவில்லை, அந்த இரண்டு வார்த்தையால் போனது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு விமானி சொன்னது ஞாபகம் வருகிறது. டேக் ஆஃப் ஓட்டத்தில் கேப்டனின் கை, இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லிவர் மேலேயே இருக்கும், எந்த நொடியும் நிறுத்த வேண்டி வரலாம் என்பதால். "வி ஒன்" என்று அழைப்பு வந்ததும் கையை எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு நிறுத்த நினைப்பதுதான் ஆபத்து. உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே சொல்கிறேன். பதினான்கு மாதமாக லிவரிலிருந்து கையை எடுக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் முன்னால் நேர்மையான வழி இரண்டு இருக்கிறது. ஒன்று, திரும்பப் பறப்பது. மதுரையில் தங்கி ஏர்லைன்ஸ் விமானியாக வேலை பார்ப்பது நடக்காது, அது உங்களுக்கே தெரியும். ஆனால் டெல்லி வேறு, சென்னை வேறு. சென்னையையோ பெங்களூரையோ தளமாகக் கேட்டு வாங்க முடிந்தால், ஓய்வு நாளில் ரயிலேறி அப்பா பக்கத்துக்கு வந்துவிடலாம். நீங்கள் வேலையை விட்டதற்குக் களைப்பும் ஒரு காரணம் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். 2025 ஜூலையிலிருந்து விமானிகளின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாகக் கூட்டப்பட்டிருக்கிறது. இரவுப் பணிக்கும் கட்டுப்பாடு இறுகியிருக்கிறது. நீங்கள் விட்டுவந்த காலத்து வேலையோடு மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாவது வழி, மதுரையிலேயே தரையில் ஒரு வேலை, குறைந்தது மூன்று ஆண்டு. எதுவானாலும் ஒரு தேதி வையுங்கள். அப்பாவைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம், அடுத்த ஓராண்டில் அவரால் எவ்வளவு தூரம் தானே செய்துகொள்ள முடியும் என்று கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரம்மாவையும் உட்காரவைத்துப் பேசுங்கள். ஏழு பக்கத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை, தம்பி. தனியார் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு வந்து, மாமனாருக்கும் பணிவிடை செய்கிறவர் அவர். அவருடைய வார்த்தை இல்லாமல் இந்த முடிவு முழுமையாகாது.

"எனக்கு வேறு எதுவும் தெரியாது"

இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அதற்கு ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில், சும்மா பேச்சுவாக்கில் கொடிக்கால் கதை ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மதுரை வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்புகிறார், கவுளிக்கு நூறு வெற்றிலை இல்லை, ஒன்றில் 94 இருக்கிறது, இன்னொன்றில் 106 இருக்கிறது என்று. அப்பா படுத்துவிட்டதால் நீங்கள் போய் நின்றீர்கள். யாரையும் திட்டவில்லை. பத்துக் கவுளிக்கு ஒன்று என்று எடுத்து எண்ணி, எத்தனை மணிக்குக் கட்டியது என்பதையும் நோட்டில் எழுதினீர்கள். நான்கு நாளில் தெரிந்துவிட்டது. ஏழு மணி வரை கட்டியது சரியாக இருக்கிறது, ஒன்பதுக்கு மேல் கட்டியதுதான் பிசகுகிறது. விடிகாலை ஐந்து மணிக்கு வந்த பெண்கள், அந்த நேரத்தில் பசியோடு எண்ணுகிறார்கள். டீயையும் வடையையும் பத்து மணியிலிருந்து எட்டரைக்கு மாற்றினீர்கள். அதற்குப் பிறகு சரக்கு திரும்பி வரவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு மருத்துவமனையின் தரப் பிரிவில், ஒரு மில்லின் ஃப்ளோரில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்யச் சொல்வது இதைத்தான். தப்பு எங்கே நடக்கிறது என்று ஆளைக் குறை சொல்லாமல் தேடுவது, எண்ணிப் பார்ப்பது, எழுதி வைப்பது, சின்னதாக ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி எண்ணிப் பார்ப்பது. இந்தப் பழக்கம் காக்பிட்டில்தான் உங்களுக்கு வந்தது. அதைக் கொடிக்காலுக்குக் கொண்டுபோக முடிந்த உங்களுக்கு, மற்ற இடத்துக்குக் கொண்டுபோகத் தெரியாதா?

மருத்துவமனை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் தொழிலிடமிருந்து மருத்துவத் துறை நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறது. 1977இல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ரன்வேயில் மோதி 583 பேர் இறந்தார்கள். ரன்வேயில் இன்னொரு விமானம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டவர் காக்பிட்டில் இருந்தார். கேட்கவும் கேட்டார். ஆனால் மூத்த கேப்டன் அப்படி எதுவும் இல்லை என்று சொன்னதும் அழுத்திப் பேச முடியவில்லை. அதைப் போன்ற விபத்துகளிலிருந்து பிறந்ததுதான், சின்னவர் பெரியவரிடம் தயங்காமல் "நிறுத்துங்க" என்று சொல்லப் பழக்கும் பயிற்சி. அதை நீங்கள் ஆண்டுதோறும் எடுத்திருப்பீர்கள். அறுவை அரங்கில் ஒரு நர்ஸ், பெரிய டாக்டரிடம் "சார், இது இடது கண் இல்லையா?" என்று கேட்பதற்கும் அதே தைரியம்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கென்று ஒரு செக்லிஸ்ட் கொண்டுவந்தபோது, விமானத் துறையின் செக்லிஸ்ட் பழக்கமே அதற்கு முன்மாதிரியாக இருந்தது. என்ஏபிஎச் என்னும் தேசிய வாரியத்தின் தரச்சான்று வாங்கும் மருத்துவமனைகளுக்கெல்லாம் எழுத்துவழி நடைமுறை, தவறு நடந்தால் அறிக்கை, தீ ஒத்திகை, பணியாளர் பயிற்சி என்று இந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும். மதுரையைச் சுற்றி மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை.

ஆகவே பயோடேட்டாவை அடியோடு மாற்றி எழுதுங்கள். "3,400 மணி நேரம், ஏ320 ரேட்டட்" என்பது இன்னொரு ஏர்லைன்ஸுக்குத்தான் புரியும். எச்ஆர் மேஜையில் அது வெறும் எண். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "ஆறு ஆண்டு, நாளுக்கு நூற்றுக்கணக்கான பயணிகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் புதிய குழுவோடு, எழுத்துவழி நடைமுறைப்படி வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறன் தேர்வு, எல்லாவற்றிலும் தேர்ச்சி." அதற்குக் கீழே கவுளிக் கதையை நான்கு வரியில் எழுதுங்கள். கூச்சப்படாதீர்கள். கடைசியில் ஒரு வரி: "குடும்பக் காரணத்தால் விமானப் பணியிலிருந்து விலகிவிட்டேன். மதுரையில் நிலையாக இருக்கிறேன்." இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் அந்த வரி. தேர்ந்தெடுக்காமல் எழுதினால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்.

அறுபத்து மூன்று விண்ணப்பமும் இணையத்தில் அனுப்பியவை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் போன்ற பின்னணி உள்ளவரை அந்த வழியில் முதல் வடிகட்டலிலேயே ஒதுக்கிவிடுவார்கள். பத்து இடத்தைத் தேர்ந்தெடுத்து, நேரில் போங்கள். அந்த மருத்துவமனைக்கே முதலில் போங்கள். "அன்றைக்கு நான் முடிவெடுக்காமல் இருந்தேன், இப்போது எடுத்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அந்த இடம் நிரம்பியிருக்கலாம். இருந்தாலும் போய்ச் சொல்வது நல்லது.

டிகிரி

இதை மழுப்ப விரும்பவில்லை. பிளஸ் டூவோடு சிபிஎல் என்னும் வணிக விமானி லைசென்ஸ் வாங்கியவர்கள் பலருக்கும் தரைக்கு வந்ததும் இதுதான் முட்டுக்கட்டை. லைசென்ஸ் பெரிய தகுதிதான், ஆனால் "ஏதேனும் ஒரு பட்டம்" என்று கேட்கும் கட்டத்தில் அதை எழுத முடியாது. ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் ஆகிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை வைத்திருக்கிறீர்கள். விமான நிலைய ஆணையத்தின் அந்த வேலைக்கு இயற்பியல், கணிதத்தோடு பி.எஸ்சி.யோ பொறியியல் பட்டமோ வேண்டும், வயது வரம்பு 27. பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான மூன்று ஆண்டுத் தளர்வைச் சேர்த்தாலும் உங்களுக்கு வயது தாண்டிவிட்டது. அந்த வழியை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கென்று கோச்சிங் கட்டணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்.

பட்டம் வாங்க வயது தாண்டவில்லை. இக்னோவுக்கு மதுரையிலேயே மண்டல மையம் இருக்கிறது. ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை சேர்க்கை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. தமிழ்வழியில் படிக்க விரும்பினால் அங்கே விசாரியுங்கள். எதில் சேர்ந்தாலும், அந்தப் படிப்புக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று சேரும் ஆண்டின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். "ஒரே வருஷத்துல டிகிரி" என்று போன் செய்பவர்களிடம் போனை வைத்துவிடுங்கள். மூன்று ஆண்டு ஆகும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், பயோடேட்டாவில் "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதலாம். வெறும் இடம் இருப்பதற்கும் அந்த வரி இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

லைசென்ஸ் செத்துவிடவில்லை

இது நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்ட இன்னொன்று. வணிக விமானி லைசென்ஸின் செல்லுபடிக் காலத்தை 2023இல் ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டாக நீட்டியிருக்கிறார்கள். பறந்த மணி நேரமும் லாக் புத்தகத்தில் அப்படியே இருக்கும், அதை யாரும் பிடுங்க முடியாது. விட்டுப் போவது வேறு: கிளாஸ் ஒன் மெடிக்கல் என்னும் உடல்தகுதிச் சான்று, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அண்மையில் பறந்த அனுபவம். இவற்றைத் திரும்பப் பெறப் பணமும் பயிற்சியும் வேண்டும். இடைவெளி நீள நீள ஏர்லைன்ஸ் உங்களை எடுக்கும் வாய்ப்பு குறையும். அதனால்தான் தேதி வையுங்கள் என்கிறேன். திரும்பப் பறப்பதுதான் முடிவென்றால் அடுத்த வாரமே மெடிக்கலுக்கு நாள் வாங்குங்கள். தரைதான் முடிவென்றாலும், ஆண்டுக்கொரு முறை மெடிக்கலைப் புதுப்பித்து வைப்பதில் தப்பில்லை. அது உங்கள் சொந்தப் பாதுகாப்பு, அதை இன்டர்வியூவில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழியையும் நீங்கள் யோசிக்கவில்லை. ட்ரோன். 2021 விதிகளின்படி பத்தாம் வகுப்பு முடித்தவர்கள்கூட அனுமதி பெற்ற பள்ளியில் பயின்று ரிமோட் பைலட் சான்று வாங்கலாம். வானிலை, வான்வெளி விதி, ரேடியோ பேச்சு எல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெரியாறு பாசன வயல்களில் மருந்தடிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடுவது நீங்கள் தினமும் பார்ப்பதுதான். ஆனால் உடனே ட்ரோன் வாங்கிவிடாதீர்கள். முதலில் யாரிடமாவது ஒரு போகம் கூடவே இருந்து, ஏக்கருக்கு என்ன கிடைக்கிறது, பேட்டரிக்கு என்ன போகிறது, ஆண்டில் எத்தனை நாள் வேலை என்று உங்கள் நோட்டில் எழுதிப் பாருங்கள்.

அகாடமி தொடங்கலாம் என்கிறவர்

மதுரையில் ஒருவர் பைலட் அகாடமி ஆரம்பிக்கலாம் என்கிறார், உங்கள் படத்தைப் போட்டு விளம்பரம் செய்வார், மாதம் 60 ஆயிரம் தருவார், நீங்கள் பத்து லட்சம் பங்கு போட வேண்டும். இப்போதைக்குக் கையில் உள்ள ஒரே வாய்ப்பு இதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் கவலை தந்தது இந்தப் பத்திதான்.

பாடம் எடுப்பது நல்ல வேலை. ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி, ஏர் ரெகுலேஷன்ஸ் எல்லாம் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் கிடைத்தால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவோ உதவி. மணிக்கணக்குக்கோ மாதச் சம்பளத்துக்கோ தாராளமாகச் செய்யுங்கள். பங்கு வேண்டாம். மீதமிருக்கும் சேமிப்பே அவ்வளவுதான் என்னும்போது அதை முழுக்க ஒருவரின் வாய்ச்சொல்லில் வைக்கக் கூடாது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்க, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி வேண்டும். வகுப்பறைப் பாடம் நடத்துகிறவர் சிபிஎல் வாங்கித் தருவதாகச் சொன்னால் அது பெற்றோரை ஏமாற்றுவது. நாளைக்கு ஏதாவது ஒரு ஊர்க்காரர் தோப்பை விற்றுக்கொண்டு வந்து நிற்பார். அந்த விளம்பரத்தில் இருக்கும் முகம் உங்களுடையது. நோட்டீஸில் என்ன எழுதப்போகிறார்கள் என்பதைப் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் உரிமை எழுத்தில் இல்லாமல் உங்கள் படத்தைக் கொடுக்காதீர்கள்.

பணம்

நீங்கள் எழுதிய கணக்கு: பாக்கிக் கடன் 14 லட்சம், மாதத் தவணை 38 ஆயிரம், வீட்டுக்காரம்மாவின் சம்பளம் 22 ஆயிரம், சேமிப்பு இன்னும் கொஞ்ச காலத்துக்குத் தாங்கும், அதுவும் அகாடமிக்காரருக்குக் கொடுக்காமல் இருந்தால். முதல் வழிக்குச் சாதகமாக இருக்கும் பெரிய காரணம் இதுதான், அதை நான் மறைக்க மாட்டேன். திரும்பப் பறந்தால் இந்தக் கடனை ஓரிரு ஆண்டில் அடைத்துவிடலாம். மதுரையில் முதல் வேலை 30 ஆயிரம் அளவில்தான் இருக்கும். அதில் தவணையும் குடும்பமும் ஓடாது.

தரைதான் என்றால் வங்கிக்கு இப்போதே போங்கள், தவணை தவறுவதற்கு முன்னால். 90 நாள் பாக்கி நின்றால் வாராக்கடன் கணக்கில் போய்விடும், அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி இருக்கும். காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கச் சொல்லி மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடமானத்தில் இருப்பது அப்பா படுத்திருக்கும் வீடு என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று. "நானே விட்டுவிட்டு வந்ததால் கிராஜுவிட்டி கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டு. ஓராண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில், அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். ஆறு ஆண்டுக்கு அது சிறிய தொகையாக இருக்காது. பழைய நிறுவனத்துக்கு உரிய படிவத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலிடம் போங்கள். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையைச் சுற்றியே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பணிச் சான்றும் விடுவிப்புக் கடிதமும் கையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், எந்த வழிக்கும் அவை தேவைப்படும்.

மூன்று மணிக்கு விழிப்பு

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பேனா மாற்றி எழுதியிருந்தீர்கள்: "இன்னமும் ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. டாக்டரிடம் போனால் மெடிக்கல் போய்விடும் என்று போகவில்லை." கடிதம் முழுவதற்கும் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். இரவுப் பணி நின்று 14 மாதமாகியும் தூக்கம் திரும்பவில்லையென்றால் அதை வெறும் பழக்கதோஷம் என்று விட முடியாது.

விமானிகள் பலருக்கும் உள்ள பயம்தான் உங்களுக்கும். அந்தப் பயம் காரணமில்லாதது என்று நான் சொல்லவில்லை. சிகிச்சை நடக்கும்போது சில காலம் தற்காலிகத் தகுதியின்மை வரலாம். தற்காலிகம் என்பது நிரந்தரமில்லை. குணமாகி நிலையானபின் மறுபரிசோதனைக்குப் போகலாம். விமானிகளின் மனநலத்தைப் பற்றி டிஜிசிஏவே 2023 பிப்ரவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டு, சக விமானிகளே உதவும் ஏற்பாட்டை அமைக்கச் சொல்லியிருக்கிறது. மெடிக்கல் படிவத்தில் உண்மையை மறைப்பதுதான் பின்னால் பெரிய சிக்கலைக் கொண்டுவரும். அதனால் மருத்துவரிடம் போங்கள், போகும்போது நான் விமானி, திரும்பப் பறக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்தை அவர் யோசிக்க முடியும். கூகுளில் பார்த்தோ, தெரிந்த கடையில் கேட்டோ தூக்க மாத்திரை போடாதீர்கள். நடு இரவில் தாங்க முடியாமல் போனால் டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் ஆள் இருப்பார்கள்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. பேச்சு சரியாக வராத அவரிடமும் லீவு என்றுதான் சொல்லிவைத்திருக்கிறீர்கள், ஃப்ளெக்ஸைக் கட்டியவர்களில் முதல் ஆள் அவர் என்பதால். பக்கவாதம் வந்தவருக்கு வாய் குழறலாம், காது நன்றாகத்தான் இருக்கிறது. பதினான்கு மாத லீவு எந்தக் கம்பெனியிலும் கிடையாது என்பது ஐம்பது ஆண்டு கொடிக்கால் நடத்தியவருக்குத் தெரியாதா, தம்பி? அவரிடமிருந்து தொடங்குங்கள். ஊருக்குச் சொல்வது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் மருத்துவரையும் வங்கியையும் பாருங்கள். புதிய பயோடேட்டாவை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், கவுளிக் கதை அதில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். எந்த வழி என்பதை உங்கள் வீட்டுக்காரம்மாவோடு பேசி முடிவு செய்தபின், அவர் கையாலேயே ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.